கட்டில் கால் கடைகிறவரிடம் கிண்ணம்

கொழும்பில் மரம் கடைகிறவர்களுக்குக் குறைவில்லை. கட்டில் கால், கதிரைக் கால், மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்குகிற கம்புகள் என்று நாள் முழுக்கக் கடைந்து தள்ளுகிறார்கள். மொறட்டுவைப் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம், தளபாடப் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. ஆனால் "ஒரு மரக் கிண்ணம் கடைய ஆசை, சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கிண்ணமா? பிளாஸ்டிக்கில் இல்லையா, எவர்சில்வரில் இல்லையா?

அதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தீவில் கடைசல் பழைய தொழில். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலைகள் பற்றிய பெரிய நூலில் அரக்கு வேலைக்காரர்களுக்கும் அவர்களுடைய கடைசலுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். அவர்கள் கடைந்தவற்றில் கைத்தடி, விசிறிப் பிடி, கொடிக்கம்பு, சிமிழ் என்று ஒல்லியான சாமான்கள்தான் அதிகம். ஒல்லாந்தர் காலத்துக் கதிரை மேசைகளிலும் கடைந்த கால்கள்தான் கண்ணில் படும். கிண்ணத்துக்கு இங்கே அவசியமே இருந்திருக்காது என்பது என் எண்ணம். தென்னை சிரட்டையைச் சும்மா தந்தது, குயவர் சட்டி தந்தார், மிச்சத்துக்கு வாழை இலை. மரத்தைக் குடைந்து சோற்றுக் கிண்ணம் செய்ய யாருக்கு நேரம்?

ஆசை என்று வந்துவிட்டால் நியாயம் எடுபடாது. விசாரித்துக்கொண்டே போய்க் கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிற பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். பட்டறைக்காரரை அக்கம்பக்கத்தார் பாஸ் என்கிறார்கள், கைத்தொழில் தெரிந்தவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் அண்ணை என்று கூப்பிடுகிறேன். இளவயதிலிருந்தே கால் கடைகிறவர். ஒரு கட்டில் காலை மாதிரிக்கு வைத்தால் மற்ற மூன்றையும் அளவுகோல் தொடாமல் கண்ணாலேயே கடைந்துவிடுவார். அவர் சொன்னது: "கிண்ணம் நான் கடைஞ்சதில்லை பிள்ளை. ஒருக்கா ஒரு திருநீற்றுச் சிமிழ் கடைஞ்சு குடுத்தனான், அவ்வளவுதான். மெஷின் கிடக்கு, உளி கிடக்கு. வாரும், பாப்பம்."

மரம் என்னிடம் இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பினார்கள். முற்றத்து மாமரமும் போயிற்று. கிளைகளை ஏற்ற வந்த லொறிக்காரரிடம் கேட்டு ஒரு கட்டையை வாங்கி வைத்திருந்தேன். பலா கிடைத்திருந்தால் இன்னும் சந்தோஷம். ஆனால் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஒழுங்கையில் கேட்பாரற்றுக் கிடக்கிற மரமாகப் பலா அமைவது கஷ்டம். மாமரத்துக்கு அந்த மரியாதை இல்லை. அண்ணையும் அதைத்தான் சொன்னார்: "மாங்கட்டையோ? பெட்டி அடிக்கலாம், ஹோமத்துக்குப் போடலாம்." சொல்லிவிட்டுக் கட்டையைத் தூக்கிப் பார்த்தார், அதன் ஈரப் பாரத்தில் புருவம் உயர்ந்தது. அவருக்குக் காய்ந்த மரம்தான் பழக்கம். பச்சை மரத்தில் கால் கடைந்தால் வீட்டுக்குப் போனதும் வளைந்துவிடும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

கிண்ணத்துக்குப் பச்சை மரம் நல்லது என்று நான் படித்திருந்தேன். மெத்தென்று வெட்டுப்படும், தூசி பறக்காது. ஆனால் கட்டையின் நடு மையம் கிண்ணத்துக்குள் இருக்கக் கூடாது. வளர்ச்சி வளையங்கள் சுற்றிப் பிறக்கிற அந்தப் புள்ளியிலிருந்துதான் வெடிப்பும் பிறக்கும். அதனால் கட்டையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, மையப்பகுதியைச் சீவித் தள்ளிவிட்டு, அரைக் கட்டையின் தட்டையான பக்கம் கிண்ணத்தின் வாயாகவும் பட்டைப் பக்கம் அடியாகவும் வரும்படி வைத்தோம். எட்டு அங்குலத்துக்கு வட்டம் கீறி, மூலைகளைக் கைவாளால் அறுத்தோம். பச்சை மாமரத்தைக் கைவாளால் அறுப்பது பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, தோள் இன்னும் மறக்கவில்லை.

கிண்ணம் கடைகிறவர்கள் நான்கு தாடை உள்ள சக் ஒன்றில் கட்டையைக் கவ்வ வைப்பார்கள். அண்ணையின் பட்டறையில் அது இல்லை, கால் கடைய அது தேவையும் இல்லை. கால் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்பது, ஒரு பக்கம் மோட்டார் சுழற்றும், மறுபக்கம் ஊசிமுனை தாங்கும். கிண்ணத்தை அப்படிப் பிடித்தால் குடைவதற்கு உள்ளே போக வழியில்லை. பட்டறை மூலையில் துருவோடு ஓர் இரும்புத் தட்டு கிடந்தது. அச்சில் திருகிக்கொள்கிற வட்டத் தட்டு, அதில் திருகாணித் துளைகள். அதைக் கட்டையின் வாய்ப்பக்கத்தில் திருகினோம். எப்படியும் குடைந்து எறியப்போகிற பகுதி, துளைகள் அதோடு போய்விடும்.

அடுத்தது வேகம். இங்கேதான் நான் முதலில் வாயைத் திறந்தேன். அவருடைய மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, பெல்ட் அதே வேகத்தில் அச்சைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலக் காலுக்கு அது அளவான வேகம், மேற்பரப்பு மணிக்கு 14 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். எட்டு அங்குலக் கட்டையில் அதே சுற்று என்றால் விளிம்பு 55 கிலோமீட்டரைத் தொடும், காலி வீதியில் சிவப்பு விளக்குக்கு முன் அவசரப்படுகிற பஸ்ஸின் வேகம். பஸ்ஸுக்காவது சில்லுகள் சமமாக இருக்கும், இந்தக் கட்டையில் ஒரு பக்கம் பட்டை, மறுபக்கம் முடிச்சு. கிண்ணக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையே வர வேண்டும். எட்டு அங்குலத்துக்கு 750 முதல் 1,125 வரை, ஆடுகிற கட்டைக்கு அதிலும் குறைவு. அண்ணை கணக்கைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டைக் கழற்றி ஆகக் குறைந்த வேகம் தருகிற கப்பிக்கு மாற்றினார். அதை அவர் கடைசியாக எப்போது தொட்டார் என்று அதிலிருந்த தூசி சொல்லிற்று.

"ஷாலைக் கழட்டி வையும். வளையலையும். தலைமயிரை இறுக்கிக் கட்டும்." இது மட்டும் கேள்விக்கு இடமில்லாத குரலில் வந்தது. முகத்துக்கு முழுக் கவசம் நான் வாங்கிப் போயிருந்தேன். அவர் அதைப் போடவில்லை, மூக்குக்கண்ணாடி போதுமாம். எனக்கு அதில் இன்றும் உடன்பாடில்லை.

முதலில் அவரே தொடங்கினார். அவருடைய உளிகள் எல்லாம் லொறி ஸ்பிரிங் தகட்டைக் கொல்லரிடம் கொடுத்து அடித்தவை. நான் கொண்டுபோனது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஒரு கிண்ண உளி, ஆழமான குழிவு உள்ள உருண்டைத் தண்டு. அதை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்து, சாணைக் கல்லில் ஒரு முறை தொட்டு, பொறியைக் கவனித்தார். சாதாரண உருக்கு சாணையில் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும், இந்த ஹைஸ்பீட் உருக்கு அதற்கெல்லாம் அசையாது. "நல்ல சாமான்" என்றார். அவர் வாயால் அது பெரிய பாராட்டு.

பிறகு உளியைத் தாங்கியில் வைத்து, விளிம்பிலிருந்து அடியை நோக்கி இழுத்தார். அடடா, எவ்வளவு லாவகம்! சுருள் பறந்தது, நீர்த்துளி சுவரில் தெறித்தது. நிறுத்திப் பார்த்தால் கட்டையில் இரண்டு இடம் வழவழவென்று இருந்தது, இரண்டு இடத்தில் நாய் பிடுங்கிய கோலம். இழைகள் குத்திட்டு நின்றன, விரலை வைத்தால் குத்தியது. அவர் உளியைத் தீட்டினார், மறுபடி கடைந்தார், மறுபடியும் அதே இரண்டு இடம். "மரம் சரியில்லை" என்றார். நான் பேசாமல் நின்றேன். அவ்வளவு கால அனுபவத்துக்கு முன்னால் நின்று படித்த கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

மரத்தில் குறையில்லை. கட்டில் காலில் மரத்தின் இழை லேத்தின், அதாவது கடைசல் மெஷினின், அச்சோடு நீட்டுக்கு ஓடுகிறது. உளி பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு இறங்கும்போது, வெட்டுப்படுகிற ஒவ்வோர் இழைக்கும் அடியில் இன்னோர் இழை முட்டுக்கொடுத்து நிற்கும், அதனால் சுத்தமாக அறும். கிண்ணத்தில் இழை குறுக்கே கிடக்கிறது. அதே பருத்ததிலிருந்து மெலிந்ததுக்கு இறங்கினால் முட்டுக்கொடுக்க ஆளில்லாத இழை நுனிகளை உளி தூக்கிப் பிய்க்கும். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கு, சிறிதிலிருந்து பெரிதுக்குக் கடைய வேண்டும். உட்புறம் திரும்பவும் விளிம்பிலிருந்து நடுவுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் உளி இரண்டு தரம் இழையின் பக்கவாட்டையும் இரண்டு தரம் அதன் வெட்டு முகத்தையும் சந்திக்கிறது, பிய்ந்த இடம் இரண்டாக இருந்தது அதனால்தான். அவருடைய கை எத்தனையோ ஆயிரம் கால்களில் சரியாகப் போன திசை இந்த ஒரு கட்டையில் மட்டும் தலைகீழ்.

இதை எப்படியோ சொன்னேன். "அண்ணை, மற்றப் பக்கமாப் போய்ப் பாப்பமோ?" என்ற அளவில். அவர் உளியை அடியில் வைத்து, கைப்பிடியைத் தாழ்த்தி, விளிம்பை நோக்கித் தள்ளினார். கை ஒத்துழைக்கவில்லை என்பது தெரிந்தது. வலது தோள் அறியாமலே பழைய பக்கம் திரும்பப் பார்த்தது. ஆனால் சத்தம் மாறிவிட்டது. முன்பு தடதடவென்று கேட்டது இப்போது ஒரே சீரான ஸ்ஸ் என்றானது. லேத்தை நிறுத்தி உள்ளங்கையால் சுற்றித் தடவினார். பிறகு உளியை என்னிடம் நீட்டி, ஒரு பிளேன்டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வர நல்ல நேரம் எடுத்தது.

உளி பிடிப்பதைப் பற்றி எவ்வளவு படித்தாலும் கையில் பிடித்தால்தான் அது என்னவென்று தெரியும். கூரான விளிம்புக்குப் பின்னால் இருக்கிற சரிவை முதலில் சுழலும் மரத்தில் சாய்க்க வேண்டும். அப்போது வெட்டாது, சும்மா உராயும். பிறகு கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் ஒரு கட்டத்தில் விளிம்பு மரத்தைப் பிடித்துக்கொள்ளும், சுருள் வரத் தொடங்கும். சரிவு மரத்தில் படுத்திருக்கும் வரைக்கும் உளிக்கு ஆதாரம் உண்டு. ஆதாரமில்லாமல் முனை மட்டும் பட்டால் கடித்துவிடும். உளி கடிப்பதென்றால் முனை மரத்துக்குள் புதைந்து, கட்டை அதை இழுத்துக்கொண்டு, கைப்பிடி மேலெழும்பி அடிப்பது. ஒரு நொடிதான், ஆனால் முழங்கை வரை அதிரும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு கையால் தள்ளாமல் உடம்பால் சாய்ந்தால் அது வெகுவாகக் குறைகிறது. அண்ணை எனக்குச் சொல்லித் தந்ததிலேயே ஆகப் பயனுள்ளது இதுதான்: "கையாலே கடையாதையும், காலாலே கடையும்." இந்த விஷயத்தில் கட்டில் காலும் கிண்ணமும் ஒன்று.

வெளிப்பக்கம் முடிந்து அடியைத் தட்டையாக்கியபின் இரும்புத் தட்டைக் கழற்றி அடியில் திருகினோம். இந்தத் துளைகள் போகாது, கிண்ணத்தின் பின்பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும். திருகாணி அரை அங்குலம் உள்ளே போகிறது, ஆகவே அடியில் அதற்கு மேல் தடிப்பு விட வேண்டும், இல்லாவிட்டால் உளி இரும்பைச் சந்திக்கும். நடுவில் ஒரு துளையை வேண்டிய ஆழத்துக்குத் துளைத்து வைத்தார், அந்தத் துளை மறைகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். எளிய யோசனை, மனம் நிம்மதியானது.

குடைவது வேறு உலகம். விளிம்பில் உளியை வைக்கிற முதல் கணத்தில் சரிவு சாய்வதற்கு இடமே கிடையாது. வைத்ததும் வழுக்கி வெளியே ஓடி விளிம்பில் கோடு கிழிக்கும். முதலில் கூர்முனையால் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் உளியின் சரிவை நிறுத்தி, குழிவைப் பக்கவாட்டாகத் திருப்பி வைத்துக்கொண்டால் உள்ளே இறங்குகிறது. உள்ளே போகப் போகச் சத்தம்தான் வழிகாட்டி. சுவர் தடிப்பாக இருக்கும்போது தாழ்ந்த குரல், மெலிய மெலியக் குரல் உயரும். மாமரத்தின் ஈரம் விளிம்பிலிருந்து சிதறி முகக் கவசத்தில் கோடு கோடாக வடிந்தது. வாசம் மாங்காய் வாசம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அது புளித்த பச்சை மர வாசம். மாம்பால் சிலருக்குத் தோலில் கொப்புளம் போடும், மரத்துக்கும் அந்தக் குணம் உண்டு, எனக்கு மணிக்கட்டில் இலேசாக அரித்தது. முதிரை மரத் தூள் இதைவிட மோசம் என்று அண்ணை தன் கையிலிருந்த பழைய தழும்பைக் காட்டினார்.

சுவரை எவ்வளவு தடிப்பில் விடுவது என்பதில் எங்களுக்குள் சின்ன விவாதம். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு விட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, வளைந்தபின் மறுபடி கடைந்து வட்டமாக்குவது ஒரு வழி. ஒரேயடியாகக் கால் அங்குலத்துக்குக் குறைத்து, அது எப்படி வளைகிறதோ வளையட்டும் என்று விட்டுவிடுவது மற்ற வழி. அண்ணை முதல் கட்சி, வட்டம் வட்டமாக இருக்க வேண்டும் என்பவர். நான் இரண்டாவது. பொறுமை இல்லை என்பது ஒரு காரணம். கொழும்புக் காற்று இன்னொன்று: ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிற ஊரில் மரம் சுமார் 16 சதவீத ஈரத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே காயாது. தடித்த மாமரத் துண்டு அந்த நிலைக்கு வந்து சேர்வதற்குள் நீலக் கறையும் பூஞ்சணமும் குடியேறிவிடும், பின்னாலேயே வண்டு வரும். மெல்லிய சுவர் சீக்கிரம் காயும். அடி மட்டும் திருகாணிக்காகத் தடிப்பாக நின்றது, அதுதான் எனக்குப் பயம். சுவரும் அடியும் வேறு வேறு வேகத்தில் காய்ந்தால் நடுவில் வெடிக்கும். ஆகவே தட்டைக் கழற்றியபின் அண்ணை வாச்சியால் அடியின் வெளிப்புறத்தைச் சீவிக் குறைத்தார், திருகாணித் துளைகளின் ஆழம் பாதியாயிற்று. வாச்சி ஏந்திய அந்தக் கையைப் பார்த்தபோதுதான் அவர் தச்சு வேலையில் வளர்ந்தவர் என்பதே எனக்குத் தெரிந்தது.

கிண்ணத்தைக் கடதாசிப் பையில், அதன் சுருள்களோடே போட்டு மூடி, அலமாரிக்கு மேல் வைத்தேன். சமையல் தராசில் அவ்வப்போது நிறுத்து எடையைப் பையிலேயே எழுதி வந்தேன். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். இழையின் நீளப் போக்கில் மரம் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருக்கம் எல்லாம், அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில் மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே வட்டம் நீள்வட்டமானது, விளிம்பும் மேசையில் தட்டையாகக் கவிழ மறுத்தது. வெடிப்பு இல்லை, அடிப்பக்கத்தில் மயிரிழைக் கீறல் ஒன்று மட்டும். கண்ணாடியின் மேல் சாண்ட் பேப்பரை விரித்து அடியைத் தேய்த்தபின் ஆடாமல் நின்றது. 80ஆம் நம்பர் கரடுமுரடான தாளில் தொடங்கி 120, 180, 240, 320 என்று மென்மையான தாள்களுக்கு மாறித் தேய்த்துக்கொண்டு போனேன். இந்தப் பகுதியை யாராவது ரசிக்கிறார்கள் என்றால் நம்பமாட்டேன்.

பெரியம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னா. தேங்காய் எண்ணெய் மரத்தில் இறுகாது, நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். பார்மசியில் விற்கிற லிக்விட் பரஃபின் வாங்கிப் பூசினேன். அதுவும் இறுகாது, ஆனால் கெட்டுப்போகாது, மணமும் கிடையாது. கழுவக் கழுவப் போகும், திரும்பப் பூச வேண்டும். கறி ஊற்றுவதற்கு இந்தக் கிண்ணம் ஆகாது. மாதுளம்பழமும் விளாம்பழமும் வைக்கிறோம்.

அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுவரில் விரலை ஓட்டி, நீள்வட்டத்தை ஒரு கண் மூடிப் பார்த்து, கவிழ்த்துத் திருகாணித் துளைகளில் மரத்தூளும் பசையும் அடைத்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தார். "இதுக்கு என்ன விலை கேப்பீர்?" மரம் சும்மா, எண்ணெய் சில நூறு ரூபாய், உளியின் விலையைச் சொன்னால் சிரிப்பார் என்று பேச்சை மாற்றினேன். புறக்கோட்டையில் இந்த அளவுப் பிளாஸ்டிக் கிண்ணம் என்ன விலை என்று இருவருக்கும் தெரியும்.

இப்போது அவர் ஒரு பலாத் துண்டை எடுத்து வைத்திருக்கிறார். இடித்த வீடொன்றின் உத்திரம், காய்ந்து இறுகி மஞ்சள் போய்த் தேன்நிறத்துக்கு வந்துவிட்ட மரம். பச்சைப் பலாச் சீவலின் மஞ்சளில்தான் பிக்குகளின் காவித் துணிக்குச் சாயம் ஏற்றுவார்கள், வெளிச்சம் பட்டுப் பட்டு அந்த மஞ்சள் கறுத்துவிடுகிறது. காய்ந்த மரம் என்பதால் வட்டம் வட்டமாகவே நிற்கும், அவர் கட்சி ஜெயிக்கும். ஒரே சிக்கல், உத்திரத்துக்குள் பழைய ஆணிகள். காந்தம் வைத்துத் தேடி, அகப்பட்டவற்றைப் பிடுங்கியாயிற்று. கிண்ண உளி ஒன்று தனக்கும் வேண்டுமாம், அரை அங்குலம். விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சாணைக் கல்லையே பார்த்துவிட்டு, "லொறி ஸ்பிரிங்கிலே அடிச்சுப் பாக்கேலாதோ?" என்றார்.